பந்து தொடாத கைகள்

கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி நாவல் எழுதுகிறவனுக்கு என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஆட்டத்தின் நுட்பங்களைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. மைதானத்துக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்த அறையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சாத்திய கதவுக்குள் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று ஊகிப்பதுதானே எங்கள் பிழைப்பு!

எனக்கு ஒரு நண்பர் உண்டு. கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் எழுந்து அமெரிக்காவின் என்.பி.ஏ. பந்தயங்களைப் பார்ப்பது அவர் வழக்கம். என்னையும் அந்த நோய்க்கு ஆளாக்கியவர் அவரே. 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், டல்லாஸ் மாவரிக்ஸ் டீம் தன்னுடைய லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பதறிப் போய் அவரிடம் ஓடினேன்.

"இதிலே பதற என்ன இருக்கு, ஸார்? கடைக்காரன் சரக்கை விற்றான். வியாபாரம் வியாபாரந்தானே?" என்றார் அவர், காப்பியை ஆற்றிக்கொண்டே.

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

சரி, வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். சரக்கு எப்படிப்பட்டது? ஸ்லோவீனியாவில் பிறந்த பையன். 2018-ல், பத்தொன்பது வயதில், டல்லாஸுக்கு வந்தான். அவனை முதலில் பொறுக்கியது அட்லாண்டா. தான் பொறுக்கிய ட்ரே யங்கையும், மறு வருஷத்து முதல் சுற்றில் ஒருவரைப் பொறுக்கும் உரிமையையும் கொடுத்து டல்லாஸ் அவனை வாங்கியது. (புதிய ஆட்டக்காரர்களை டீம்கள் வருஷாவருஷம் முறை வைத்துப் பொறுக்கும்; அந்த முறையையே விற்கலாம், வாங்கலாம்.) அன்று அந்த ஆபீஸில் இருந்தவர்களுக்குக் கண் இருந்தது. 2024-ல் அவனைக் கொண்டே டீம் இறுதித் தொடர் வரை போயிற்று. பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றது வாஸ்தவம். ஆனால் அங்கே போவதே எத்தனை டீம்களுக்குக் கனவு!

அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தபோது, ஜெனரல் மானேஜர் நிக்கோ ஹாரிஸன் அவனைக் கொடுத்து, முப்பத்தோரு வயது ஆன்தனி டேவிஸையும், மாக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரையும், 2029-ம் வருஷத்து முதல் சுற்று உரிமை ஒன்றையும் வாங்கினார். தற்காப்புதான் சாம்பியன் பட்டம் வாங்கித் தரும் என்பது அவர் சித்தாந்தம். சித்தாந்தம் இருக்கட்டும். விற்ற முறையைப் பாருங்கள். பாட்டி காலத்து வைர அட்டிகையை விற்க நினைப்பவன்கூட நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பான். இவர் லேக்கர்ஸ் நிர்வாகி ராப் பெலிங்காவோடு மட்டும் ரகசியமாகப் பேசி முடித்தார். மற்ற டீம்களை அழைத்து விலை கேட்கவில்லை. டீமின் பயிற்சியாளருக்கே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. விற்கப்பட்டவனுக்கோ, எல்லாம் முடிந்த பிறகு! அநேகமாக எந்த ஆட்டக்காரரையும் அவர் சம்மதம் கேட்காமலே ஊர் மாற்றலாம் என்பதுதான் அங்கே சட்டம். என் நண்பர் சொல்லும் வியாபார தர்மப்படியே இது கையாலாகாத வியாபாரம்.

விற்ற பிறகு சரக்கைப் பழித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அவன் உடம்பைப் பேணுவதில்லை, எடை போட்டுவிட்டான் என்றெல்லாம் பேச்சுக் கிளம்பியது. டல்லாஸ் ஜனங்கள் மைதான வாசலில் சவப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்து அழுதார்கள். அதே பருவத்தில் நிர்வாகம் மறு வருஷத்து சீசன் டிக்கெட்டின் விலையை ஏற்றியது. இப்படியொரு காட்சியை நான் கதையில் எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

டேவிஸ் டல்லாஸுக்காக ஆடிய முதல் பந்தயத்திலேயே அடிபட்டு உட்கார்ந்தார். மார்ச்சில் கைரி இர்விங்கின் முழங்கால் போயிற்று. டீம் 39 பந்தயங்களில் ஜெயித்து 43-ல் தோற்று வெளியே நின்றது. ஆனால் மே மாதத்துக் குலுக்கலில், நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத வாய்ப்பில், முதல் பொறுக்கு டல்லாஸுக்கு விழுந்தது. கூப்பர் ஃப்ளாக் என்ற அபூர்வமான பையன் கிடைத்தான்.

"பார்த்தீரா ஸார், கணக்கு நேராயிற்று!" என்று நண்பர் கை தட்டினார்.

வீட்டைக் கொளுத்தியவன் சாம்பலைக் கிளறும்போது புதையல் கிடைத்தால், கொளுத்தியது புத்திசாலித்தனமாகிவிடுமா? கணக்கு இலாகாவில் இப்படித்தான் வரவு எழுதினீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே போய் 1956-ம் வருஷத்துச் சங்கதியைச் சொன்னேன். அப்போது பாஸ்டன் செல்டிக்ஸுக்கு ரெட் ஆவர்பாக் பயிற்சியாளர். ஆட்களைச் சேர்ப்பதும் அவர்தான். பில் ரஸ்ஸல் என்ற கல்லூரி மாணவன்மேல் அவருக்குக் கண். அவனைப் பெறுவதற்கு, செயின்ட் லூயிஸ் டீமிடமிருந்து இரண்டாம் பொறுக்கை வாங்கியாக வேண்டும். விலை, ஊரே கொண்டாடிய எட் மக்காலி; கூடவே கிளிஃப் ஹாகன். முதலாளி வால்டர் பிரவுனுக்கு மக்காலியை விட மனமில்லை. அவரையே கூப்பிட்டுக் கேட்டார். மக்காலியின் சின்னப் பிள்ளை கடும் நோயில் கிடந்தான். செயின்ட் லூயிஸ் அவருக்குச் சொந்த ஊர். அங்கே போவது எனக்கும் உதவிதான் என்றார் அவர். பிறகுதான் பேரம் முடிந்தது. ரஸ்ஸல் வந்து பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள் வாங்கித் தந்தார். செயின்ட் லூயிஸும் ஏமாந்து போகவில்லை. மக்காலியும் ஹாகனும் இருந்த அந்த டீம் 1958-ல் பட்டம் வென்றது.

அதுவும் விற்பனைதான். ஆவர்பாக் ஒன்றும் சாமியார் இல்லை, கறாரான மனிதர். ஆனால் ரஸ்ஸல் அதிகமாகக் கூடையில் போடுகிறவன் அல்ல, எதிரி போடுவதைத் தடுக்கிறவன், தன் டீமுக்கு இல்லாதது அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஹாரிஸனும் தற்காப்பைத்தான் வாங்கினார். ஒருவர் வாங்கியது இனி வளரப்போகிற இளைஞனை. மற்றவர் அப்படிப்பட்டவனைக் கொடுத்து, அடிக்கடி அடிபடுகிற, வயது ஏறிய உடம்பை வாங்கினார். சான் அன்டோனியோ ஆபீஸ்காரர்கள் 1999-ல், 58 பேரில் 57-வதாக மனு ஜினோபிலியைப் பொறுக்கினார்கள். அவரோடு நாலு பட்டங்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயரைச் சொல்லி அரங்கத்தில் யார் கூச்சல் போட்டார்கள்?

டல்லாஸில் போட்டார்கள். 2025 ஏப்ரல் 9-ந் தேதி, டான்சிச் லேக்கர்ஸ் சட்டையோடு பழைய ஊருக்கு வந்தான். பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து 45 பாயிண்ட் எடுத்தான். ஹாரிஸனை விரட்டு என்ற கோஷம் அன்றும் கேட்டது. அடுத்த பருவத்திலும் கேட்டது. நவம்பர் 11-ந் தேதி, டீம் பதினொன்றில் மூன்றே பந்தயங்களை ஜெயித்திருந்தபோது, அவரை விலக்கினார்கள்.

"அப்புறம் என்ன? நியாயம் கிடைத்துவிட்டதே!" என்றார் நண்பர்.

விலக்கியவர் பாட்ரிக் டூமான்ட். முதலாளி குடும்பத்தின் பிரதிநிதி. பிப்ரவரியில் அந்த விற்பனைக்குச் சம்மதம் கொடுத்தவரும் அவரே. அவரை யார் விலக்குவது என்று கேட்டேன். நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் பந்தயம் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆரம்பித்தார்.