பழைய பைக்: முதல் செலவு எதற்கு?

கேள்வி: ‘‘என்னிடம் இருப்பது 14 வருடப் பழைய ஸ்பிளெண்டர். தினமும் இரண்டு பால் கேன் ஏற்றி சொசைட்டிக்குப் போகிறேன். வீட்டிலேயே பழுதுபார்த்து, வேறு கலரில் பெயின்ட் அடித்து, கேன் மாட்ட ஸ்டாண்டும் வைக்க ஆசை. எதில் தொடங்கலாம்?’’
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: பெயின்ட் காத்திருக்கட்டும், முதலில் பிரேக்கைப் பாருங்கள். சுமை கூடக் கூட, பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் கூடும். பின் பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தின் நடுவே பாருங்கள். பிரேக் ஆர்மில் உள்ள அம்புக்குறி, டிரம் தட்டில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது. நட்டை முடுக்கிச் சமாளிக்காமல் ஷூவை மாற்றுங்கள். டிரம் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவில் ஆயில் படவே கூடாது.

அடுத்து செயின். இன்ஜினை அணைத்துவிட்டு, மண்ணெண்ணெய் நனைத்த பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் கியர் ஆயில் விடுங்கள்.

ஸ்டாண்டை சேஸில் வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் இரும்பின் பலம் குறையும். போல்ட் போட்டு மாட்டுங்கள். இருபக்கமும் எடை சமமாக இருக்கட்டும்.

15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். அதனால், பழைய கலரையே அடிப்பது செலவு மிச்சம்.