விதியும் தலைவிதியும்

கேமரன் மலையில், தானா ராத்தாவிலே, ஓர் இயந்திரம் இரவும் பகலும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றது. உறிஞ்சிய காற்றை வடிகட்டி, தங்கிய தூசியில் அணுகுண்டின் கதிரியக்கம் உண்டா என்று பார்ப்பதே அதன் வேலை. "இஃது அரசாங்கங்களின் விவகாரம், பால்மரம் வெட்டுகிறவனுக்கு இதில் என்ன?" என்பாருமுளர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

அணு வெடிப்புச் சோதனை யாவற்றையும் தடுக்கும் உடன்படிக்கை 1996-இல் கையெழுத்துக்கு வைக்கப்பெற்றது. மீறுவோரைக் கண்டுபிடிக்க 321 நிலையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் 170 பூமியின் அதிர்வை அளப்பன. 11 கடலின் ஓசையையும், 60 மனிதச் செவிக்கெட்டாத வானோசையையும் கேட்பன. 80 கதிரியக்கத்தைத் தேடுவன. கணக்கெல்லாம் வியன்னா நகருக்குப் போகின்றது. வடகொரியா 2006 முதல் 2017 வரை வெடித்த ஆறு குண்டுகளில் ஒன்றேனும் தப்பவில்லை.

குண்டுக்கு வைத்த காது வேறெதையும் கேளாதிருக்குமோ? 2013-இல் ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்த ஓசையை அண்டார்டிக்காவிலும் கேட்டனர். இந்து மகாசமுத்திரத்து நீலத்திமிங்கிலங்களின் பாட்டைக் கேட்டு, அதுவரை அறியப்படாத ஒரு கூட்டம் இருப்பதாக 2021-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். நன்று; மகிழ்கிறோம்.

ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ எப்படி மறப்பது? அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் கடிகாரத்தில் காலை ஒன்பது மணியளவில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. நிலையங்களின் கருவிகள் அதனைப் பதிந்தன. பினாங்குக் கரையில் அலை பாய்ந்ததோ நண்பகல் கழிந்த பின்னர்! இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கரையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்வாரில்லை. நம் நாட்டில் மட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர். நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கினர்.

தலைவிதி என்றார்கள். கிரகக் கோளாறு என்றார்கள் பஞ்சாங்கக்காரர்கள், அலை வந்து போன பின்பு. தலையில் எழுதிய விதியன்று, தோழர்களே. காகிதத்தில் எழுதாத விதி! குண்டுக்காகச் சேர்த்த கணக்கைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்குக் கொடுக்க அன்று விதியில்லை. கொடுத்திருந்தாலும், இந்து மகாசமுத்திரத்தில் அதனை வாங்கி மக்களுக்குக் கூற ஏற்பாடில்லை. கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். எழுதிய கணக்கை உரியவனுக்குக் காட்டாதவனைத் தோட்டத்தில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதை அறிவேன்.

2005-இல் பரீட்சையாகவும், 2006-இல் தீர்மானமாகவும் அவ்விதி வந்தது. இன்று மலேசியாவும் கணக்குப் பெறும் நாடுகளில் ஒன்று. மெத்தச் சரி. ஆயினும் உடன்படிக்கையோ இன்னும் அமலுக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் உறுதிப்படுத்தவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் வடகொரியாவும் கையெழுத்தே இடவில்லை. ருஷ்யா 2023-இல் உறுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, சந்தேகப்பட்ட இடத்திற்கே ஆளனுப்பிச் சோதிக்கும் உரிமை ஏட்டில் உறங்குகின்றது. கணக்கும் அரசாங்கங்களின் கைக்கே போகின்றது. ஆராய்ச்சியாளர் விண்ணப்பித்துப் பெறவேண்டும். தானா ராத்தாவின் காற்றைச் சுவாசிக்கும் தொழிலாளி அன்றாடம் பார்க்க வழியில்லை.

ஏன் திறந்து வைக்கலாகாது? "பாமரர் பீதியடைவர்" என்கிறார்கள் சில கனவான்கள். பினாங்குக் கரையில் அன்று எவரும் பீதியடையவில்லை. அலை வரும்வரையில் பிள்ளைகளோடு குளித்துக்கொண்டிருந்தார்கள்.