பீரோவைத் திறக்க நேரமிருக்காது

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்கொரு அவசரப் பை தயாராக வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரைமீறிய இரவில், மாடிக்கு ஓடியவர்களில் பலருக்குப் பீரோவைத் திறக்கக்கூட அவகாசமில்லை. நனைந்துபோன சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு பிறகு சிறப்பு முகாம்கள் நடத்தியது. காகிதத்துக்கு நகல் உண்டு. வேளை தவறிய மாத்திரைக்கு? அதனால் பையில் முதலிடம் மருந்துக்குத்தான்: ஒரு வாரத்துக்கான பிரஷர், சுகர் மாத்திரைகள், கூடவே மருந்துச்சீட்டு. இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கும். கிளம்பும் பதற்றத்தில் மறந்துபோகும். ‘இன்சுலின்’ என்று பெரிதாக எழுதிய அட்டையைப் பையின் கைப்பிடியிலேயே கட்டிவையுங்கள். டார்ச், தண்ணீர், பிஸ்கட் எல்லோருக்கும் தெரிந்ததே. சில்லறை நோட்டுகளைத்தான் மறக்கிறோம். மின்சாரமும் செல்போன் சிக்னலும் போனால் ஜிபே எதற்கு உதவும்? உறவினர் எண்களையும் தாளில் எழுதி, ஜிப் கவரில் போடுங்கள். அன்றாடக் கூலிக் குடும்பங்களுக்கு ஒரு வார மருந்தைச் சேர்த்துவைப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு அதை ஆரம்ப சுகாதார நிலையங்கள் செப்டம்பரிலேயே கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும்.