சாக்லேட்டா, சீனியா?



பிறந்தநாள் என்றால் வகுப்பில் சாக்லேட் வரும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, இன்சுலின் போடும் மாணவனிடம் மட்டும், "ஒனக்குத்தான் சுகர் இருக்கே, ஒனக்கெதுக்குல சாக்லேட்டு?" என்று தாண்டிப் போகிறோம். அதே மாணவன் குற்றாலத்தில் அலைந்து குளித்து, மதியச் சாப்பாடு தள்ளிப்போய், கை நடுங்கி வியர்த்து நின்றால், "ஏலே, சீக்கிரம் ஒரு சாக்லேட்டக் குடு!" என்கிறோம். இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சாக்லேட் விஷமல்ல. டாக்டர் சொன்ன அளவுக்குள், அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து, ஒரு துண்டு சாப்பிடலாம். "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று அள்ளித் தின்பதுதான் ஆபத்து. அதுவும் சர்க்கரையே!

ஆனால் சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது சாக்லேட்டை நம்பக்கூடாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 3 டீஸ்பூன் சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் அதே அளவு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள்.

1922-இல் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இத்தகைய பிள்ளைகளுக்குக் கடும் பட்டினியே வைத்தியம். இன்று அவர்கள் நம்மோடு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

எனவே நண்பர்களே, சாரல் சீசனுக்குக் கிளம்பும்போது எண்ணெய், சோப்போடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் பையில் இருக்கட்டும். பிறந்தநாள் சாக்லேட்டை அவனுக்கும் நீட்டுங்கள். தின்பதா, வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும்!