கையொப்பத்திற்கு முன் நிய்யத்





அல்ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லை ஆறு ஹரகத் அளவு நீட்டி ஓத வேண்டும் என்று கம்மாபுரத்துப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். கடந்த மார்கழியில் ஒரு நாள், ஃபஜ்ருக்குப் பிந்திய வகுப்பில், அந்த ஆறு ஹரகத்தை என்னால் நிறைவு செய்ய இயலவில்லை. பாதியில் மூச்சு முறிந்தது. முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எனக்காக ஓதி முடித்தான்.

எனக்கு இருப்பது கடுமையான ஆஸ்துமா. அதிக அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் முறையாக எடுத்து, வேறு மருந்தும் சேர்த்த பின்னரும் அடங்காத இளைப்பையே மருத்துவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். இளைப்பு மிகும்போது ஸ்டீராய்டு மாத்திரை காக்கின்றது. ஆனால் அதை அடிக்கடி உட்கொண்டால் எலும்பு தேய்கின்றது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது. இவ்வகை நோயாளிகள் சிலருக்குப் பயன்படும் ஊசி மருந்துகள் இன்று உண்டு. அவற்றின் விலை எம்மைப் போன்றோருக்கு எட்டாதது.

அண்மையில் என் மருத்துவர், புதிய ஊசி ஒன்றைப் பற்றிய ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, பல பக்கங்கள் கொண்ட படிவத்தைத் தந்தார். வீட்டில் இரு கருத்துகள் எழுந்தன. "பிள்ளைகளுடைய அத்தாவை வைத்தா மருந்தைச் சோதிக்க வேண்டும்?" என்றார் என் மனைவி. "நோயைத் தந்தவன் அல்லாஹ், அவனே நீக்குவான். இதெல்லாம் எதற்கு?" என்றார் உறவினரான பெரியவர் ஒருவர்.

பெரியவருக்கான பதில் எளிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்; மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். எனினும் இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டை நாம் மறைக்கலாகாது. ஆய்வு என்பது சிகிச்சை அன்று. மருந்து பயன் தருமா என்னும் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே அது. யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தற்ற ஊசி என்பது பெரும்பாலும் குலுக்கல் முறையில் முடிவாகின்றது. பல ஆய்வுகளில் அது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஆகவே, "இது என்னைக் குணப்படுத்தும்" என்ற எண்ணத்தில் மட்டும் கையொப்பமிடுபவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றார். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது நாம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கும் பாடமன்றோ?

அப்படியானால் எந்த நிய்யத்துடன் சேர்வது? நமது மாநிலத்திலேயே அதற்கு விடை இருக்கின்றது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட அதே 1956ஆம் ஆண்டில், சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளிகளை மருத்துவமனையில் வைத்தே குணப்படுத்த இயலும் என்று உலகம் நம்பிய காலம் அது. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து தந்தனர். குணமடைந்தோரின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. 1959இல் வெளியான அம்முடிவு, உலகெங்கும் காசநோயாளிகள் தம் வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ள வழி திறந்தது. பெயர் அறியப்படாத அந்த ஏழைகளின் பயன், அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகளுக்கும் சென்றது. இதனை நிலையான தர்மம் என்று நான் கருதுகின்றேன்.

என் மனைவியின் அச்சமும் ஆதாரமற்றது அன்று. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியரிடையே நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில், பெற்றோர் ஒப்பமிட வேண்டிய படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தடுப்பூசி பயனுள்ளதே, குறை, சம்மதம் பெற்ற முறையில் இருந்தது. பிறர் பிள்ளைகளை அமானிதமாகப் பெற்றிருக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இது பெரும் எச்சரிக்கை.

மார்க்க அறிஞர்களும் இதனை ஆராயாமல் விடவில்லை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடியபோது, மருத்துவ ஆய்வுக்கு முழுத் தகுதியுடையவரின் சம்மதம் வேண்டும், அதில் வற்புறுத்தலோ ஏழைகளைப் பணத்தால் ஈர்ப்பதோ இருக்கலாகாது, தீங்கும் விளையலாகாது என்று முடிவு செய்தது.

நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகளும் பங்கேற்பவருக்கு உரிமைகளை அளிக்கின்றன. ஆய்வு பற்றிய விவரம் அவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். படிவத்தின் நகல் அவரிடம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறலாம். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு பதிவாகியுள்ளதா என்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

என் நிலைப்பாடு இதுவே: ஆய்வில் சேர்வது தவக்குலுக்கு முரணானது அன்று, சேராதிருப்பது பாவமும் அன்று. புரியாத படிவத்தில் கையொப்பமிடுவதே தவறு. மருத்துவர் மீதுள்ள மரியாதையால் கேள்வி கேட்காமல் ஒப்பமிடுவது பணிவு ஆகாது. அல்லாஹ் தந்த உடலாகிய அமானிதத்தில் காட்டும் கவனக்குறைவே ஆகும்.

நானும் மனைவியும் அமர்ந்து படிவத்தை முழுவதும் வாசித்தோம். இப்போதுள்ள இன்ஹேலரை நிறுத்தச் சொல்வார்களா, ரமளானில் மருத்துவமனைக்கு எத்தனை முறை செல்ல வேண்டும், ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பன நான் குறித்துக்கொண்ட கேள்விகள். எனக்குத் தோன்றாத ஒன்றை மனைவி கேட்டார்: "நள்ளிரவில் மூச்சு முட்டினால் இங்கிருந்து யாரை அழைப்பது?" அதற்கான விடை எழுத்தில் வரும்வரை கையொப்பமிடப் போவதில்லை. வந்தால், இஸ்திகாரா தொழுதபின் சேர எண்ணியுள்ளேன், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.