கடனை எழுதாமல் தள்ளுபடி இல்லை

சேரியில் பிறந்த கிறித்தவனுக்கு அதிகமாகப் பிரசங்கிக்கப்பட்டது எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஏழெழுபது தரம் மன்னி. மறு கன்னத்தைக் காட்டு. பகைவனையும் நேசி. கல்லறையில் ஓரமாக ஒதுக்குகிறார்களா, மன்னி. மாதா தேர் நம்ம தெருவுக்குத் திரும்பாதா, மன்னி. பூசைக்கு உதவ நம்ம பையனைச் சேர்க்க மாட்டார்களா, அதையும் மன்னி. மன்னிக்க மன்னிக்க நமக்கு மோட்சம் கிட்டே வருகிறதாம். சரி, அடிக்கிறவனுக்கு என்ன வருகிறது? அதை யாரும் பிரசங்கிப்பதில்லை.

எனக்கு அந்த வசனங்களோடு சண்டை கிடையாது. அவற்றை எடுத்துச் சொல்கிறவர்களின் கணக்கோடுதான் சண்டை.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். எதிரி அடித்தால் அது அடி. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றவன் அடித்தால் அதற்குப் பெயர் துரோகம். ஊர் நம்மை ஒதுக்கியது பழைய கதை. எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று கூப்பிட்ட வீட்டுக்குள்ளேயும் தனித் திண்ணை போட்டார்களே, அதுதான் ஆறவில்லை.

இது ஏதோ நாலு முரட்டு ஆட்கள் செய்த வேலை அல்ல. ஏற்பாடு செய்து செய்தது. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூலோடும் குடுமியோடும் கிறித்தவனாக இருக்கலாம் என்றார். 1623ல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். கீழ்ச்சாதிகளுக்கென்று 'பண்டாரசாமி'கள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். வடக்கன்குளம் கோயிலுக்குள் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவில் நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்த தலித்துக்கும் செத்த சாதிக்காரனுக்கும் நடுவில் சுவர் எழுந்தது. புராட்டஸ்டண்ட் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1833ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் சாதியை விடுவதற்குப் பதிலாகக் கோயிலை விட்டு வெளியே போனார்கள்.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. சீக்கியருக்கு 1956ல் கதவு திறந்தது. பௌத்தருக்கு 1990ல் திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று டில்லி சொல்கிறது. போகாது என்று கல்லறைச் சுவர் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனிடம் வந்து, 'மன்னிச்சிடு தம்பி' என்கிறார்கள்.

மன்னிப்புக்கு முறை என்ன என்பதைத் திருச்சபையே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் பண்ணியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும். செய்த பாவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மனஸ்தாபப்பட வேண்டும். இனிமேல் செய்யமாட்டேன் என்று பிரதிக்கினை செய்ய வேண்டும். வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். குரு விதித்த அபராதத்தைத் தீர்க்க வேண்டும். மாங்காய் திருடிய பத்து வயசுப் பிள்ளைக்கு இந்த ஐந்தும் கட்டாயம். நானூறு வருசம் சாதி பார்த்தவனுக்கு மட்டும் ஐந்தில் ஒன்றும் வேண்டாமா? பாவம் செய்தவன் முழங்கால் போட வேண்டிய இடத்தில், பாவம் செய்யப்பட்டவனை முழங்கால் போடச் சொல்வது எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது?

சுவிசேஷத்தைத் திறந்து நாமே படிப்போம். ஏழெழுபது தரம் என்பது மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் 22ஆம் வசனம். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் முன்னாடி, 15ஆம் வசனத்தில், சகோதரன் தப்பு செய்தால் அவன் முகத்துக்கு நேராகப் போய்ச் சொல்லச் சொல்கிறார் இயேசு. கேட்கவில்லையா, ரெண்டு மூணு சாட்சிகளோடு போ. அப்பவும் கேட்கவில்லையா, சபையைக் கூட்டிச் சொல். 22ஐ மட்டும் வாசித்துவிட்டு 15ஐ மடித்து வைப்பதற்குப் பெயர் பிரசங்கமா? லூக்கா 17ல் இன்னும் பச்சையாக இருக்கிறது: கண்டிப்பது முதலில், அவன் மனம் திரும்பினால் மன்னிப்பது அடுத்து.

மறு கன்னத்துக்கு வருவோம். பிரதான குருவின் முன்னால் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். யோவான் 18ஐப் பாருங்கள். அவர் மறு கன்னத்தைத் திருப்பவில்லை. நான் பேசியதில் தப்பு இருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையென்றால் எதுக்கு அடிக்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். கட்டப்பட்ட கையோடு, அதிகாரத்தின் நடுக்கூடத்தில் நின்று கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியும் அன்புதான். அடித்தவனையும் பதில் சொல்லக் கடமைப்பட்ட மனுசனாக மதித்ததால்தான் கேட்டார்.

காணிக்கையைப் பலிபீடத்தில் வைக்கும்போது உன் மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானம் பண்ணு என்கிறார். யாரைப் பார்த்துச் சொல்கிறார்? மனத்தாங்கலுக்குக் காரணமானவனைப் பார்த்து. நடந்து போக வேண்டியது அவன். இதை அப்படியே நிறைவேற்றினால் நம்ம பக்கத்துக் கோயில் பல ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகத்தான் கிடக்கும். காணிக்கைகள் மட்டும் பீடத்தில் குவிந்திருக்கும்.

சகேயு மரத்திலிருந்து இறங்கியதும் 'சாரி' சொல்லவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். ஏமாற்றிப் பிடுங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. பேதுரு மூணு தரம் தெரியாது என்று மறுதலித்தான். உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் அவனுக்கு மீன் சுட்டுக் கொடுத்தார், அது அன்பு. பிறகு மூணு தரம் என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். மூணாவது தரம் பேதுருவுக்கு மனசு வலித்தது என்று எழுதியிருக்கிறது. துரோகம் செய்தவன் மனசு வலிக்காமல் சமாதானம் வராது. அது முடிந்த பிறகு, மேய்க்கிற வேலையையும் அவனிடமே கொடுத்தார்.

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் பழைய மொழிபெயர்ப்பில், மத்தேயுவில், பாவம் என்ற சொல் இல்லை. 'கடன்' என்றுதான் இருக்கிறது. கடனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எழுதாத கடனைத் தள்ளுபடி செய்ய எந்த மேனேஜராலும் முடியாது. யார் வாங்கினார், எவ்வளவு, என்றைக்கு, வட்டி எத்தனை என்று முதலில் ஏட்டில் ஏற வேண்டும். 'அதெல்லாம் பழைய கதை, விடுங்க' என்பது தள்ளுபடி ஆகாது. அது ஏட்டையே கிழிப்பது.

இன்னொன்று. வங்கியில் 'ரைட் ஆஃப்' என்று ஒன்று உண்டு, 'தள்ளுபடி' என்று ஒன்று உண்டு. வெளியில் இருப்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ரைட் ஆஃப் என்றால் வங்கி தன் கணக்கைச் சுத்தம் செய்துகொள்வது. வராத பணத்தை வரும் வரும் என்று சொத்துக் கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தால் வங்கி கெட்டுப்போகும், அதனால் எடுத்துவிடுவது. கடன்காரன் அப்பவும் கடன்காரன்தான். வசூலிக்கிற உரிமை எங்கேயும் போகவில்லை. தள்ளுபடியில்தான் பாக்கியே இல்லாமல் போகிறது.

துரோகத்தை மன்னிப்பதிலும் இப்படி இரண்டு இருக்கிறது என்று நினைக்கிறேன். என் நெஞ்சுக்குள் கிடக்கிற வெறுப்பை நான் எடுத்துப் போடலாம். அவன் வந்து சாரி சொல்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அது என் ஏட்டை நான் சுத்தம் பண்ணுவது, என் ராத்தூக்கத்துக்காக. ஆனால் பாக்கி இருக்கிறது. கல்லறையில் பாக்கி, பங்குப் பேரவையில் பாக்கி, நம்ம பேரைச் சொல்லி நடக்கிற பள்ளிக்கூடம், கல்லூரி வேலைகளில் பாக்கி. அந்தக் கடனை அவன் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தீர்க்கிறபோதுதான் சமாதானம். முதலாவது நம் கையில். இரண்டாவது அவன் கையில். முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது முடிந்துபோச்சு என்று யாரும் நமக்கு ரசீது தர வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே டச்சு சீர்திருத்த சபை 1857ல், சிலருடைய பலவீனத்தைக் காரணம் காட்டி, கறுப்பருக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. யாருடைய பலவீனம்? சேர்ந்து உட்காரப் பிடிக்காத வெள்ளையரின் பலவீனம்! நிறவெறியின் வேர் அப்படிக் கோயிலுக்குள்ளும் ஓடியது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் சபைகள் கூடியபோது, அந்தச் சபையைச் சேர்ந்த இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். டெஸ்மண்ட் டுட்டு எழுந்து மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். எங்களுக்காக மன்னிக்க டுட்டு யார் என்று கறுப்பின மக்களிடமிருந்தே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், செய்ததை முழுசாகச் சொன்னால்தான் பொதுமன்னிப்பு என்றது. அதுவரைக்கும் சரி. ஆனால் 2003ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு அறிவித்தது ஆளுக்கு 30,000 ராண்ட், ஒரே தடவை. ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகவும் குறைவு. அறிக்கையிடுவது நடந்தது, அபராதம் தீர்ப்பதுதான் பாதியில் நின்றது. அந்த வலி அங்கே இன்னும் இருக்கிறது.

இங்கே? 2003ல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதியை ஒழிக்கச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. 2022ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்லது. கையெழுத்து விழுந்திருக்கிறது. ஆனால் கடன் ஒப்புதல் வேறு, கடன் அடைப்பது வேறு.

'மன்னிப்பு என்பதே அடிமைப் புத்தி' என்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரம் உள்ளவன் கேட்டு வாங்குகிற மன்னிப்பு அடிமைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பை மட்டும் தின்று எத்தனை நாளைக்கு இயக்கம் நடத்துவது? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டதற்காகச் சாதிக் கிறித்தவர்கள் தாக்கினார்கள். பிறகு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இரண்டு பேரும் வன்னியக் கிறித்தவர்கள். அவர்களும் உழைத்துப் பிழைத்த ஏழைகள். அந்தச் சாவுக்கு நம்மால் அழ முடிய வேண்டும். அழுதுகொண்டே தனிப்பங்கையும் கேட்க முடிய வேண்டும். அவன் பிள்ளைகள் சாதியை முதுகில் சுமக்காமல் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் பகைவனை நேசிப்பது. சாதி அவனையும் மனுசனாக இருக்க விடவில்லை.

யோசேப்பை அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பஞ்சத்தில் அவன் முன்னாலேயே வந்து குனிந்து நின்றார்கள். அவன் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. தனியறைக்குப் போய் அழுதான், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி சோதித்தான். தம்பி பென்யமீனை விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்த்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த அந்த நிமிசத்தில்தான், நான்தான் யோசேப்பு என்று வாய்விட்டு அழுதான். தானியத்தைக் கொடுப்பதை மட்டும் அவன் ஒரு நாளும் நிறுத்தவில்லை. கோணியில் அவர்கள் பணத்தையும் திருப்பி வைத்து அனுப்பினான்.

மாணவத் தோழர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: சபைக்குள் இருப்பதா, வெளியே போவதா? அவரவர் முடிவு. எங்கே இருந்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு பங்கிலும் எந்தச் சுவர் யார் எழுப்பியது என்று பீடத்திலிருந்தே வாசிக்கட்டும். சுவரை எழுப்பிய கையே இடிக்கட்டும். கல்லறையை ஒன்றாக்கட்டும். நிர்வாகத்தில், வேலையில் நம்ம பங்கைக் கணக்குப் பார்த்துத் தரட்டும். இதே அளவுகோல் நமக்கும் உண்டு. அருந்ததியத் தோழருக்கோ, நம்ம வீட்டுப் பெண்களுக்கோ பாக்கி வைத்திருக்கிற நம்ம ஆளும் இதே ஐந்து காரியத்தையும் செய்தாக வேண்டும்.

அதுவரைக்கும் நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும். யார் பசித்து வந்தாலும் சோறு போடுவோம். ஏட்டை மட்டும் மூட மாட்டோம்.