தொடும் தூரம்

உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்குப் புடவை எடுப்பதற்காகக் குடும்பத்துடன் காஞ்சிபுரம் சென்றிருந்தோம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புடவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் பட்டு நூல் ஒன்றை எடுத்து என் மகளிடம் நீட்டி, "அறுத்துப் பாருங்கம்மா" என்றார். விரலில் சிவந்த கோடு விழுந்ததே தவிர நூல் அறவில்லை. "மூணு இழையைச் சேர்த்து முறுக்கின நூல் பாய், சுலபத்தில் அறாது" என்று சிரித்தார் அவர்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "வாப்பா, முறுக்கினால் வலிமை கூடும் என்பது சரி. முறுக்குவதற்கு முன்பே அந்த ஒற்றை இழைக்கு வலிமை எங்கிருந்து வந்தது? அது ஒரு புழுவின் வாயிலிருந்து வந்த நீர்தானே?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்தால் காஞ்சியில் தொடங்கிச் சென்னை வழியாக நம் உடம்பின் எலும்புக்குள்ளேயே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வாசகர்களும் உடன் வாருங்கள்.

பட்டு ஒரு புரதம். நம் தசையும் தோலும் முடியும் புரதத்தால் ஆனவையே. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மாலை. இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகும். போனது போக மாலையில் எஞ்சி நிற்பதை அறிவியலார் 'எச்சம்' என்பர். நாம் எளிமை கருதி 'மணி' என்றே சொல்வோம். இயற்கை கையாளும் மணிகள் பெரும்பாலும் இருபது வகை.

இனி, உங்கள் வீட்டுத் தஸ்பீஹ் மாலையை எடுத்து நீளமாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் தனக்கு முன்னும் பின்னும் உள்ள மணியை மட்டுமே தொடுகிறது. அதே மாலையை உள்ளங்கையில் குவித்து மூடுங்கள். இப்பொழுது மூன்றாவது மணி முப்பதாவது மணியோடு உரசிக்கொண்டிருக்கும். கோக்கப்பட்ட வரிசையில் தொலைவில் இருந்தவை மடிப்பில் அண்டை வீட்டார் ஆகிவிட்டன. புரதமும் இப்படித்தான் மடிகிறது. எந்த மணிக்கு எந்த மணி அண்டை என்பதைப் பொறுத்தே அந்தப் புரதம் நூலாகுமா, எலும்பைத் தாங்குமா, இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்குமா என்பது அமைகிறது.

பட்டுக்கு வருவோம். பட்டுப்புழுவின் இழையில் இரு புரதங்கள் உண்டு. வெளியே பூசப்பட்ட பசை செரிசின். உள்ளே இருக்கும் உண்மையான நார் ஃபைப்ராயின். சாயம் தோய்ப்பதற்கு முன் சோப்பு நீரில் நூலைக் கொதிக்க வைப்பது அந்தப் பசையை நீக்கத்தான். அதில் நூலின் எடை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். மினுமினுப்பும் மென்மையும் வெளிப்படும்.

எஞ்சிய ஃபைப்ராயினின் மாலையில் பெரும்பகுதி ஒரே வாய்பாடாக ஓடுகிறது: கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின். ஒன்றுவிட்டு ஒன்று கிளைசின். இருபது மணிகளிலும் மிகச் சிறியது இது. இதற்குப் பக்கக் கிளையாக ஒரேயொரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. இந்த மாலைகள் பக்கம் பக்கமாகப் படுத்துத் தகடாகின்றன. தகட்டின் ஒரு முகம் முழுவதும் கிளைசின். மறு முகம் அலனினும் செரினும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது கிளைசின் முகங்கள் 3.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நெருங்கிவிடுகின்றன. அலனின் முகங்களுக்கிடையே 5.7 ஆங்ஸ்ட்ராம். இந்த அமைப்பை 1955-ல் அமெரிக்காவில் மார்ஷ், கோரி, பாலிங் என்னும் மூவர் வெளியிட்டனர். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அந்த நெருக்கமும், தகட்டுக்குள் மாலைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுமே இழையின் வலிமை. சிறிய மணி இடம் கொடுத்ததால் பெரிய கட்டடம் இறுகி நிற்கிறது!

ஆனால் எவ்வளவு நெருங்கலாம்? அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள எல்லை எது? இக்கேள்விக்குத் தெளிவான விடை தந்தது, காஞ்சிபுரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்.

1952-ல் அங்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் மாணவர். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று கூறியது அவர் ஆர்வத்தைத் தூண்டியது. கொலாஜன் என்பது வேறொன்றுமில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலின் சாரமே அதுதான். நம் தோலையும் தசைநாணையும் எலும்பையும் தாங்கி நிற்பதும் அதுவே. இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று மாலைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் அறிவித்தனர். அம்மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1955-ல் அதைச் செம்மைப்படுத்தினர். நெசவாளர் காட்டிய மூன்றிழை முறுக்கு இங்கேயும்!

உடனே எதிர்ப்பு எழுந்தது. கிரிக், ரிச் என்னும் இரு பெயர்பெற்ற அறிஞர்கள், சென்னையார் வரைந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, அப்படி நெருங்க இயலாது என்றனர்.

இராமச்சந்திரன் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை, அளவுகோலை எடுத்தார். அதுவரை உலகில் அமைப்பு அறியப்பட்டிருந்த படிகங்களில் எந்த அணு எந்த அணுவை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று தம் மாணவர்களுடன் தொகுத்தார். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எல்லைகள் வகுத்தனர். பிணைப்பில்லாத இரு கார்பன் அணுக்களுக்கிடையே வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், மிக மிஞ்சினால் 3.0. பின்னர், மாலை எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் இந்த எல்லைகள் மீறப்படாமல் இருக்கும் என்று கணக்கிட்டனர். 1963-ல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரிலும் வெளிவந்த அந்தப் படமே இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது. அலனின் போன்ற மணிக்கு அவ்வரைபடத்தில் முக்கால் பங்குக்கு மேல் விலக்கப்பட்ட இடம். கிளைசினுக்கோ பாதிக்கு மேல் திறந்தே கிடக்கிறது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாகச் சொல்வோர் அது சரிதானா என்று இன்றும் இந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்கின்றனர்.

வழக்கில் யார் வென்றார்? நடுநிலையோடு சொல்வதானால், மூன்று மாலைக் கயிறு என்ற சென்னையின் அடிப்படைக் கருத்து நிலைத்தது. மாலைகளுக்கிடையே நேரான ஹைட்ரஜன் பிணைப்பு மும்மணிக்கு ஒன்றே என்பதில் எதிர்த்தரப்பின் கருத்தே உறுதியாயிற்று. ஆனால் அந்த வழக்கிலிருந்து பிறந்த வரைபடம் வழக்கைவிடப் பெரியதாகிவிட்டது.

தமிழகத்தில் இப்பணி அத்துடன் நிற்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் பொன்னுசாமியும் மணவாளனும், ஒவ்வொரு மணியையும் நடுவில் வைத்து 8 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்துக்குள் எந்தெந்த மணிகள் குடியிருக்கின்றன என்று ஆராய்ந்தனர். 2001-ல் குரோமிகாவும் செல்வராஜும் வரிசையில் குறைந்தது பன்னிரண்டு மணிகள் தள்ளியிருந்தும் மடிப்பில் அண்டையாகிவிட்ட இணைகளை எண்ணி, அவை மிகுந்த புரதம் மடிவதற்கு அதிக நேரம் கொள்கிறது என்று காட்டினர். 2024-ல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்ற ஹசாபிஸ், ஜம்பர் இருவரின் கணினி முறையும் எந்த மணிக்கு எந்த மணி அண்டை என்பதற்கான தடயங்களைத் தேடியே புரதத்தின் வடிவத்தைக் கணிக்கிறது.

இவையெல்லாம் அறிஞர்களின் வேலை, நம் வீட்டுக்கு என்ன என்று கேட்கிறீர்களா?

கொலாஜனில் மூன்று மணிக்கு ஒன்று கிளைசின். மூன்று மாலைகளும் கூடும் நடுத்தண்டில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மட்டுமே இடம் உண்டு. பெரிய மணி நுழைய முடியாது. எலும்பில் உள்ள கொலாஜனின் முக்கிய மாலையில் இந்த மும்மணி வாய்பாடு 338 முறை தொடர்ந்து வருகிறது. அவற்றுள் ஒரேயொரு கிளைசின் மாறினால் என்ன? கிளைசினைவிடச் சற்றே பெரிய அலனினை ஓரிடத்தில் வைத்துச் செய்யப்பட்ட சிறு கயிற்றின் படிக அமைப்பு 1994-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. அந்த ஓரிடத்தில் முறுக்குத் தளர்ந்து, விலகிய இடைவெளியில் நீர் மூலக்கூறுகள் புகுந்திருந்தன. அலனினுக்கே அப்படி என்றால், அதனினும் பெரிய மணிகளைச் சொல்ல வேண்டியதில்லை.

மனித உடலில் இந்த மாற்றம் நேரும்போது உடையும் எலும்பு நோய் உண்டாகலாம். அத்தகைய குழந்தைக்குத் தூக்கி எடுக்கையிலும், தவழ்ந்து விழுகையிலும் எலும்பு முறியும். சில குழந்தைகளின் விழி வெண்மை நீலம் பாய்ந்திருக்கும். நம் வீடுகளில் அப்போது என்ன நடக்கிறது? "பிள்ளையைச் சரியாகத் தூக்கத் தெரியவில்லை" என்று தாய் ஏசப்படுகிறாள். "கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடவில்லை" என்கிறார்கள். கண்ணேறு என்கிறார்கள். உண்மை இதுதான்: ஆயிரத்துச் சொச்சம் மணிகளில் ஒன்று மாறியிருக்கிறது. பல நேரங்களில் பெற்றோர் இருவரிடமும் அம்மாற்றம் இருப்பதில்லை. குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது. இந்நோயின் வேறு சில வகைகள் இருவழியிலும் மறைந்து வந்து, நெருங்கிய உறவில் மணமுடித்த குடும்பங்களில் வெளிப்படுவதும் உண்டு. எவ்வகையிலும் தாயின் கைக்குற்றம் அன்று.

ஆகவே குழந்தைக்குச் சிறு காரணத்துக்கே மீண்டும் மீண்டும் எலும்பு முறிந்தால், கட்டுப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் இந்நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மரபணுச் சோதனை இருக்கிறது. முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லையெனினும், எலும்பு முறிவைக் குறைக்கத் தரப்படும் மருந்துகளும், எலும்புக்குள் கம்பி பொருத்தும் அறுவையும், உடற்பயிற்சி மருத்துவமும் உண்டு. அடுத்த குழந்தையைக் குறித்து மரபியல் ஆலோசனையும் பெறலாம்.

வீடு வந்து சேர்ந்ததும் இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். அவள் புடவையைப் பிரித்து, முந்தியில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்படியானால் அந்தச் சின்ன மணிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது, இல்லையா வாப்பா?"

ஆம். தனக்குரிய இடத்தில் இருக்கும் வரை.